ஜுல்மீராவின் இருமல்

அந்த மெஷினுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது நர்ஸ் ஜுல்மீராதான். வந்த நாளிலிருந்து அதற்குத் தனி மேஜை, தனி பிளக், தூசு படாமல் மூட ஒரு வெள்ளைத் துணி. லிஸ்பனிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள்கூட முதலில் அதைத்தான் நலம் விசாரித்தார்கள். இருபத்திரண்டு வருடமாக எண்டோஸ்கோப்பி அறையில் கால்கடுக்க நிற்கிற ஜுல்மீராவுக்கு உருப்படியாக ஒரு ஸ்டூல் வாங்கித் தர ஆஸ்பத்திரிக்கு மனசு வரவில்லை. அவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்.

மாப்பிள்ளை செய்ய வந்தது டாக்டர் பெனடிட்டா சர்மென்டோவின் வேலையை. நோயாளியை மயக்கத்தில் படுக்கவைத்து, நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் கணையத்தைப் பார்ப்பாள் அவள். அதில் நீர்க்கட்டி இருந்தால் என்ன வகை என்று சொல்ல வேண்டும். அந்த அறையில் இரண்டே பெயர்கள்தான் புழங்கின: தண்ணிக்கட்டி, சளிக்கட்டி. உள்ளே இருப்பது தண்ணீர் என்றால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும். சளி என்றால் என்றைக்காவது ஒருநாள் புற்றாக மாறலாம். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை, சில பேருக்குக் கத்தி. படத்தைப் பார்த்தே இதைச் சொல்லக்கூடியவள் போர்ட்டோவில் பெனடிட்டாதான் என்று பத்தொன்பது வருடமாகப் பேச்சு. அந்தப் பேச்சு அவள் காதில் விழும்போதெல்லாம் விழாத மாதிரி நடந்துகொள்வாள். ஆனால் கொஞ்சம் மெதுவாக நடப்பாள்.

இப்போது ஆயிரக்கணக்கான படங்களைத் தின்று வளர்ந்த செயற்கை நுண்ணறிவு ஒன்று, அதே படத்துக்கு நாலு நொடியில் பதில் சொன்னது. இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி. விதி எளிது. மாப்பிள்ளையின் திரை டாக்டர் கண்ணில் படாமல் திரும்பியிருக்கும். டாக்டர் முதலில் தன் பதிலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்த பிறகுதான் திரையைத் திருப்பலாம். பதிவு செய்ய ஓர் ஆள், மெஷினைப் பார்க்க வேறோர் ஆள் என்று விதிமுறைத் தாளில் தெளிவாகவே போட்டிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஓர் ஆளுக்கே பஞ்சம். இரண்டு வேலையும் ஜுல்மீராவின் தலையில் விழுந்தன.

முதல் இரண்டு மாதம் பெனடிட்டாவுக்கு அடிமேல் அடி. நூற்றுக்கு முப்பது தடவை மாப்பிள்ளை அவளோடு ஒத்துப்போகவில்லை. அதில் இரண்டு நோயாளிகளுக்கு ஆபரேஷன் நடந்து கட்டியை வெட்டிப் பார்த்தபோது, இரண்டிலும் மாப்பிள்ளை சொன்னதே சரியாக இருந்தது. பிரிவின் தலைவர் கஸ்பார் விலேனா, அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், கேன்டீனில் எல்லோருக்கும் நடுவில் அவள் தோளைத் தட்டி, "யாருக்கும் நடக்கறதுதான் டாக்டர், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பெனடிட்டா அன்று காபியைக் குடிக்காமலே எழுந்து வந்தாள்.

மூன்றாவது மாதம் ஒரு காலை. படத்தைப் பார்த்து, "சளிக்கட்டி" என்றாள். ஜுல்மீரா இருமினாள். தொண்டையைச் சும்மா செருமுகிற மாதிரி ஒரு இருமல். பதிவு செய்யும் பொத்தானில் விரல் வைக்காமல் நின்றாள். பெனடிட்டா இன்னொரு முறை படத்தைப் பார்த்தாள். "இல்ல, தண்ணிக்கட்டின்னு போடு" என்றாள். திரையைத் திருப்பினால், மாப்பிள்ளையும் தண்ணிக்கட்டி என்றுதான் சொல்லியிருந்தது.

இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால் அது திருட்டு என்று பெயர் வாங்கியிருக்கும். பேசாததால் அது சளித்தொல்லையாகவே இருந்தது. ஜுல்மீரா தேன் மிட்டாய் வாங்கி பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். மே மாதம் வெயில் வந்தும் இருமல் நிற்காததைப் பார்த்து கஸ்பார், "நெஞ்சை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாரும்மா" என்று அக்கறையாகச் சொன்னார். வெளியிலிருந்து வந்த ஒரு மெஷின் தன் டாக்டரம்மாவைத் தலைகுனிய வைப்பதை ஜுல்மீராவால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பெனடிட்டாவுக்கோ, இந்த வயதில் தோற்பது பிடிக்கவில்லை. அவளும் அவ்வளவுதான்.

ஆனால் கணக்கு வேறு விதமாக வளர்ந்தது. அந்த மாதத்திலிருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தடவை டாக்டரும் மெஷினும் ஒரே பதில். கஸ்பாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதை வைத்து ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார்: இரண்டு பேருமே தண்ணிக்கட்டி என்று சொல்லிவிட்டால் ஊசி வேண்டாம், மறுசோதனை வேண்டாம், நோயாளியை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒன்றையே சொல்லும்போது வேறென்ன வேண்டும்? அந்தத் தாளில் பெனடிட்டாவும் கையெழுத்துப் போட்டாள். போடும்போது, இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டாள்.

இல்டா ஃபொன்தேலா வந்தது அதற்குப் பிறகு. அறுபத்தொரு வயது, மடோசின்யோஸில் மத்தி மீன் டின் போடும் ஃபேக்டரியில் முப்பத்தெட்டு வருடம் வேலை. கணவன் இல்லை. ஒரே மகள் கிளாரிஸ் லக்ஸம்பர்க்கில் வேலை பார்க்கிறாள், ஜூனில் அங்கேயே கல்யாணம். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் இல்டாவின் கணையத்து வாலில் ஒரு கட்டி தெரிந்திருந்தது. குழாய் இறங்கியது. இரண்டு சென்டிமீட்டர், ஒரே அறை, சுவர் ஒரு பக்கம் சற்றுத் தடிப்பு. பார்த்தவுடனே பெனடிட்டாவின் உள்மனசு சளி என்றது. "சளி..." என்று தொடங்கினாள். இருமல் கேட்டது. "தண்ணிக்கட்டி" என்று முடித்தாள்.

மயக்கம் தெளிந்த இல்டாவிடம் சொன்னாள்: "ஒண்ணுமில்லை இல்டாம்மா. இனிமே நீங்க வரவே வேண்டாம்."

இல்டா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வீட்டைக் காலி பண்ணிட்டு பொண்ணுகிட்டயே போயிடலாம்னு இருந்தேன் டாக்டரம்மா. கட்டி இருக்குன்னு கேள்விப்பட்டதும் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிட்டேன். இனிமே போகலாம், இல்லையா? அவங்கப்பா இல்லாததால நான்தான் அவளைக் கையைப் பிடிச்சு பாதிரியார்கிட்ட கூட்டிட்டுப் போகணும். புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே நடந்து பழகறேன்."

"தாராளமாப் போங்க" என்றாள் பெனடிட்டா.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முன்னே மாற்றிச் சொன்ன கட்டிகளெல்லாம் எப்படியோ மறந்துபோயின. இதுமட்டும் போகவில்லை. இல்டாவின் படத்தை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்தச் சுவர் தடித்துக்கொண்டே போன மாதிரி இருந்தது. ஜூன் முதல் வாரம், திங்கட்கிழமை, கஸ்பார் ஓடி வந்து, ஆராய்ச்சிக் கட்டுரையை லிஸ்பன் மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள், மேடையில் அவள்தான் பேச வேண்டும் என்றார். பெனடிட்டா சிரித்து, நன்றி சொல்லி, கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே வந்து இல்டாவுக்கு போன் செய்தாள்.

"வியாழக்கிழமை கிளம்பறேன். சனிக்கிழமை கல்யாணம். வீட்டைக் காலி பண்றேன்னு ஓனர்கிட்டக்கூடச் சொல்லியாச்சு" என்றாள் இல்டா. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

போனால் போனதுதான், இனி திரும்ப மாட்டாள் என்று பெனடிட்டாவுக்குத் தோன்றியது. "அன்னிக்கு எடுத்த படம் கொஞ்சம் மங்கலா விழுந்திருக்கு. நாளைக்கு வந்தீங்கன்னா ஒரு சின்ன ஊசி போட்டு உறுதி பண்ணிடலாம். பெரிசா ஒண்ணுமில்லை."

"நீங்க சொன்னா சரிதான் டாக்டரம்மா."

அந்தப் படத்தில் ஒரு மங்கலும் இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை இல்டா மயங்கியதும் ஜுல்மீரா வாய் திறந்தாள். "இவங்களைத்தான் அனுப்பியாச்சே. விதிப்படி ஊசி வேண்டாமே. கஸ்பாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எதுக்கு இது?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா ஜுல்மீரா?"

ஜுல்மீரா ஊசியை எடுத்து நீட்டினாள். மாப்பிள்ளை துணி மூடி ஓரமாக இருந்தது. பெனடிட்டா இரைப்பைச் சுவரைத் துளைத்துக் கட்டிக்குள் ஊசியை இறக்கி உறிஞ்சினாள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் பழைய டாக்டர்கள் செய்கிற ஒரு சோதனை உண்டு. ஒரு சொட்டை எடுத்துக் கையுறை போட்ட கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, விரல்களை மெதுவாகப் பிரிக்க வேண்டும். சளி என்றால் பாகு மாதிரி கம்பி இழுக்கும். தண்ணீர் என்றால் இழுக்காது.

இழுக்கவில்லை. விரல்கள் பிரிந்தன, சொட்டு உடைந்து வழிந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் உடைந்தது. வெறும் தண்ணீர். தண்ணிக்கட்டி. மாப்பிள்ளை சொன்னது சரி, அவள் உள்மனசு சொன்னது தவறு.

அந்த நொடியில் பெனடிட்டாவுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம். தான் ஜெயிக்க வேண்டும் என்று, எதிரே வாயைத் திறந்தபடி தூங்குகிற இந்த மனுஷிக்குள் கெட்டது ஒன்று இருக்க வேண்டும் என்று, அவள் மூன்று வாரமாக ஆசைப்பட்டிருக்கிறாள். பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தது பயம் இல்லை. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"பார்த்தீங்களா, ஒண்ணுமில்லை" என்றாள் ஜுல்மீரா மூச்சை விட்டபடி. "நான் இருமினதுல ஒரு தப்பும் வரலை."

"வாயை மூடு" என்றாள் பெனடிட்டா. இத்தனை வருடத்தில் முதல் முறையாக.

சாயங்காலம் இல்டாவுக்கு வயிற்றில் வலி எடுத்தது. முதுகுவரை பாய்கிற வலி, கூடவே வாந்தி. கணையத்தில் ஊசி குத்தினால் நூற்றில் ஓரிருவருக்குக் கணையம் வீங்கும். அந்த ஓரிருவரில் ஒருத்தியாக இல்டா ஆனாள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வாயில் ஒன்றும் படக்கூடாது, கையில் டிரிப்ஸ், குறைந்தது ஐந்து நாள். வியாழக்கிழமை விமானம் அவளில்லாமல் பறந்தது. அன்றே ஆய்வுக்கூட முடிவும் வந்தது. விரல் சொன்னதையே அதுவும் சொன்னது.

சனிக்கிழமை பெனடிட்டாவுக்கு விடுமுறை. இருந்தும் வந்தாள். வார்டில் இல்டா போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் கிளாரிஸ் வெள்ளை உடையில் நடந்துகொண்டிருந்தாள், மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு. மாமாவுக்கு நடை வேகம் தெரியவில்லை, மணப்பெண்ணைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். இல்டா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். டாக்டரைப் பார்த்ததும் போனின் சத்தத்தைக் குறைத்தாள்.

"லீவு நாள்ல எனக்காக வந்தீங்களா? உங்களை மாதிரி யாரும் இருக்க மாட்டாங்க டாக்டரம்மா. ஒரு தடவை பார்த்தது போதாதுன்னு மறுபடி கூப்பிட்டுப் பார்த்தீங்களே."

பெனடிட்டா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "இல்டாம்மா, படம் மங்கலா இல்லை."

"என்னது?"

"தெளிவாத்தான் இருந்துது. நான் பொய் சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், திரும்பிய திரை, இருமல், தான் சொல்ல வந்து மாற்றிக்கொண்ட வார்த்தை. அந்த ஏமாற்றத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் தன் பாரம் இறங்கி இல்டாவின் தலையில் ஏறும் என்று தோன்றியது. போனில் யாரோ கைதட்டினார்கள்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லை."

"இல்லை."

"முதல்லயும் இல்லை."

"இல்லை."

"சந்தேகமா இருக்கு, நான் தப்புப் பண்ணிட்டேன், குத்திப் பார்க்கணும்னு அன்னிக்கே போன்ல சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? பொண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், திங்கக்கிழமை பஸ் ஏறியாவது வந்து படுத்துக்கறேன்னு சொல்லியிருப்பேன். ஒரு வாரத்துல அந்தக் கட்டி என்னத்தைப் பண்ணிடும்?"

"ஒண்ணும் பண்ணாது."

"பின்னே ஏன் சொல்லலை?"

"பயமா இருந்துது."

"எனக்காகவா?"

பெனடிட்டாவுக்கு ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. எவ்வளவு சுலபமான வார்த்தை. "எனக்காக" என்றாள்.

இல்டா டிரிப்ஸ் குழாயை நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் பெனடிட்டா தாங்கியிருப்பாள். அவள் கத்தவில்லை. "என்னை மாதிரி எத்தனை பேர்?" என்றாள்.

"மாத்திச் சொன்னதா?"

"ஆமாம். எங்க ஃபேக்டரியில ஒரு டின் சந்தேகம்னு வந்தா அந்த ஒரு டின்னை மட்டும் எடுத்து வெச்சிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம். அன்னிக்கு மூடினது எல்லாத்தையும் கடையிலேர்ந்து திருப்பி வரவழைப்போம். மத்தவங்களுக்குச் சொல்லியாச்சா?"

"இல்லை."

"ஒருத்தருக்கும்?"

"ஒருத்தருக்கும் இல்லை. எனக்கு உங்க ஞாபகம் மட்டும்தான் இருந்துது."

"மெஷினு எல்லார் விஷயத்துலயும் சரியாவே சொல்லியிருக்குமா?"

"தெரியாது இல்டாம்மா. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சியே. நான்தான் அதைக் கெடுத்துட்டேன்."

இல்டா போனை நிமிர்த்தி வைத்தாள். "என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேட்காதீங்க, இன்னிக்கு என்னால முடியாது. அவங்ககிட்டயாவது மங்கல் அது இதுன்னு சொல்லாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க. குத்திக்கறதா வேண்டாமா, எப்போங்கறதை அவங்க பார்த்துக்கட்டும்." பிறகு, சத்தத்தைக் கூட்டப் போனவள் நிறுத்தி, "இன்னிக்கு சனிக்கிழமை. எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க" என்றாள்.

பெனடிட்டா வராந்தாவுக்கு வந்தாள். முதலில் கஸ்பாரைக் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள், காரணம் என் ஏமாற்று, மெஷின் இல்லை, திங்கள் காலை உங்கள் அறையில் எல்லாம் சொல்கிறேன் என்று செய்தி அனுப்பினாள். அனுப்பிய பிறகு அதைத் திரும்ப இழுத்துக்கொள்ள இன்னும் சில நிமிடம் வழி இருந்தது. போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அந்த நிமிடங்கள் போகும்வரை நின்றாள். பிறகு ஜுல்மீராவைக் கூப்பிட்டாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும் டிவி சத்தமும் கேட்டன.

"ஜுல்மீரா, நீ இருமி நான் மாத்தினவங்க யார் யாருன்னு கண்டுபிடிக்கணும். பதிவுல கடைசிப் பதில்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை. உனக்கு..."

டிவி சத்தம் நின்றது. நாற்காலி இழுபடுவது கேட்டது.

"முப்பத்தொரு பேர்" என்றாள் ஜுல்மீரா. "அதுல இருபத்தி நாலு பேரை ஒண்ணுமில்லைன்னு வீட்டுக்கு அனுப்பியிருக்கோம்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச்சுல அவங்களை ஒவ்வொருத்தராப் பேர் சொல்லி வேண்டிக்கறேன் டாக்டரம்மா. இல்டா இருபத்தி மூணாவது."

பெனடிட்டா பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்தாள். பிறகு ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து, "முதல் பேரைச் சொல்லு" என்றாள்.